ஊருக்குத் திரும்பினவங்க

ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போய் பதினோரு மாசம் இருந்துட்டு, போன மாசம்தான் கோவை வந்து சேர்ந்தேன். பீளமேட்டுல இறங்கினதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இளைச்சுப் போயிட்டே கண்ணு". (நாலு கிலோ ஏறியிருந்தேன் என்பது வேறு விஷயம்.) அடுத்த வாரமே ஃபிரெண்டோட பைக்ல வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, குளிருக்கு ஒரு டீக்கடையில ஒதுங்கினோம்.

பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அறுபத்தஞ்சு வயசு இருக்கும். அவர் தமிழ் நம்ம கோயமுத்தூர்த் தமிழ் இல்லை. "தம்பி எங்கேருந்து?"ன்னு கேட்டார். "வெளிநாட்டுல இருந்தேனுங்க, இப்பதான் ஊருக்குத் திரும்பினேன்" என்றேன். "நாங்களும் திரும்பினவங்கதான். ஆனா திரும்புறதுக்கு முன்னாடி இந்த நாட்டைக் கண்ணால பார்த்ததே இல்லை" என்றார்.

அவர் பிறந்தது இலங்கையில, அக்கரப்பத்தனை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. வீட்டுக்கு வந்து கிடைச்சதையெல்லாம் படிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

1820கள்ல ஆரம்பிச்சு, திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் ஆள் பிடிச்சு காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனாங்க. சேலம் நம்ம பக்கம்தானே, ஆனா இந்தக் கதையை எங்க பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தரலை. மன்னார் கரையில இறங்கி காட்டு வழியா கண்டி மலைக்கு நடை. வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1869ல இலைத்துரு நோய் வந்து, அடுத்த கொஞ்ச வருஷத்துல காப்பி அழிஞ்சு தேயிலை வந்தது. ஆளுங்க அப்படியே காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறினாங்க.

1947 தேர்தல்ல ஓட்டுப் போட்டு, இலங்கை இந்தியக் காங்கிரஸ் மூலமா 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினவங்க இவங்க. அடுத்த வருஷமே, 1948ல, குடியுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானவங்க எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்க ஆயிட்டாங்க. பதினாறு வருஷம் கழிச்சு, 1964 அக்டோபர் 30ல, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டு, 1974ல இந்திரா காந்தி காலத்துல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. பேச்சுவார்த்தையில அந்த மக்கள் தரப்புல யாரும் உட்காரலை. எக்செல் ஷீட்ல ரோவைக் கட் பண்ணி ஒட்டுற மாதிரி!

தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கணும். அங்கிருந்து மண்டபம் முகாம். இந்த இடத்துல படிக்கிறதை நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன். ஏன்னா, வெள்ளைக்காரன் காலத்துல இலங்கைக்குப் போற கூலிகளை அம்மை, காலரா இருக்கான்னு நிறுத்தி வச்சுப் பார்த்ததும் இதே மண்டபம்தான். தாத்தா போன வாசல் வழியாவே பேரன் உள்ள வந்திருக்கான்.

வந்தவங்கள்ல நிறைய பேருக்குக் கடை வைக்கன்னு அரசு கடன் கொடுத்தது. ஆயுசு பூரா கொழுந்து கிள்ளினவங்களுக்கு வியாபாரம் எப்படி வரும்? பணம் கரைஞ்சதும் பல பேர் தாங்களாவே நீலகிரிக்கு ஏறினாங்க, தெரிஞ்ச தொழில் அங்கதான் இருந்தது. இவங்களுக்காகவே 1968ல அரசு நீலகிரியில தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சது. அதுதான் பிறகு டான்டீ ஆச்சு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, இந்தப் பக்கம் வால்பாறை. அதே மலை, அதே குளிர், அதே லயம், முதுகுல அதே கூடை.

அங்க இவங்களுக்குப் பேரு 'கள்ளத்தோணி', 'இந்தியாக்காரன்'. இங்க வந்தா 'சிலோன்காரன்'. பெரியவர் இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கலை. டிரைவர்கிட்ட, டீக்கடையில, நானே எத்தனை தடவை அந்த வார்த்தையை சாதாரணமா சொல்லியிருக்கேன்!

டான்டீ நஷ்டத்துல போய், 2022ல அதன் நிலத்துல ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு பண்ணுச்சு. ரிட்டையர் ஆனா லைன் வீட்டைக் காலி பண்ணணும். மூணாவது தடவையும் இவங்க எங்க 'திரும்புறது'ன்னு தெரியலை.

1984ல கப்பல் நின்னு போச்சு. அதுக்குள்ள வராம, அங்கேயே மாட்டிக்கிட்டவங்களுக்கு இலங்கை 2003ல ஒருவழியா குடியுரிமை கொடுத்துச்சு. பெரியவரோட பெரியப்பா பையன் அப்படித்தான் அங்கேயே தங்கிட்டாராம். இப்போ வாரம் ஒரு தடவை வாட்ஸ்அப்ல பேசிக்கிறாங்க.

"என்னங்க பேசிக்குவீங்க?"ன்னு கேட்டேன்.

"அங்க மழையா, இங்க மழையான்னு. வேறென்ன?" என்றவர், கிளாஸைக் கீழே வச்சுட்டுச் சொன்னார், "ஆனா தம்பி, அக்கரப்பத்தனை டீ மாதிரி இது வராது."