நிலைப்பொருள் ஓவியத்தில் உருவமும் வண்ணமும்

பழம், குடுவை, கிண்ணம், இசைக்கருவி போன்றவற்றை மேசையில் வைத்துத் தீட்டுவது நிலைப்பொருள் ஓவியம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைக்கழகம் வரலாற்று, புராணக் காட்சிகளுக்கு முதலிடம் தந்து, இதைக் கடைசிப் படியில் வைத்தது. சொல்வதற்குக் கதை இல்லை என்பதே பின்னாளில் இதன் பலமாயிற்று. உருவத்தையும் வண்ணத்தையும் மட்டுமே ஆராய விரும்பிய ஓவியர்கள் இந்த மேசையை நாடி வந்தார்கள்.

முதலில் வந்தவர் தென் பிரான்சின் பால் செசான் (1839–1906). ஒளியையும் நிழலையும் கொண்டு ஆப்பிளுக்குத் திரட்சி தருவது பழைய முறை. செசானோ சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலத் தீற்றல்களை அடுத்தடுத்து வைத்தே திரட்சியை உண்டாக்கினார். 1893 வாக்கில் அவர் தீட்டிய ‘ஆப்பிள் கூடை’யில் மேசையின் விளிம்பு துணிக்கு இடப்புறம் ஓர் உயரத்திலும் வலப்புறம் வேறோர் உயரத்திலும் நிற்கிறது, புட்டி சாய்ந்திருக்கிறது. பொருளின் அசல் தோற்றத்தைவிடப் படத்தின் சமநிலையே அவருக்கு முக்கியம்.

1907இல் பாரிசில் நடந்த செசான் நினைவுக் கண்காட்சி இளம் ஓவியர்களை உலுக்கியது. ஜார்ஜ் பிராக்கும் பாப்லோ பிக்காசோவும் பொருளைப் பல கோணங்களில் கண்டு, தளங்களாக உடைத்து அடுக்கினர். இதுவே கியூபிசம். பிராக்கின் ‘வயலினும் வண்ணத்தட்டும்’ (1909) படத்தில் வயலின் சில்லுகளாகச் சிதறினாலும் அடையாளம் தெரிகிறது. பொருளே அடையாளம் தெரியாத முழு அரூபத்துக்குப் போகாத இந்த நிலையே அரை அரூபம். உருவ ஆய்வுக்குக் குறுக்கே நிற்காதபடி வண்ணம் பழுப்பு, சாம்பல் அளவில் அடங்கியது.

வண்ணம் 1912இல் புது வழியில் திரும்பியது. வீடுகளுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழிலில் பயின்றவர் பிராக். மரத்தின் ரேகையைப் போலிசெய்யும் வித்தை அவருக்குக் கைவந்தது. பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் மர ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி வெட்டி ஒட்டி, மேலே கரிக்கோலால் ‘பழக்கிண்ணமும் கண்ணாடிக் கோப்பையும்’ வரைந்தார். தாள் மரத்தின் நிறத்தைத் தந்தது; கரிக்கோடு உருவத்தைத் தந்தது. கோடு தாளின் ஓரத்தைப் பின்பற்றவில்லை, அதைக் கடந்து ஓடியது. இவ்வாறு வண்ணம் உருவத்தின் எல்லைக்குள் அடைபடாமல் தனித்து இயங்கியது.

மற்றொரு கியூபிச ஓவியரான ஹுவான் கிரிஸ் (1887–1927) செசானின் வழியைத் தலைகீழாக்கினார். செசான் புட்டியிலிருந்து உருளையை நோக்கிப் போனார். கிரிஸ் உருளையிலிருந்து புட்டியை உருவாக்கினார். முதலில் வண்ணத் தளங்களின் அமைப்பு, பிறகே அதற்கேற்ற பொருள் என்பது அவர் முறை. பொருளுக்காக வண்ணம் என்ற பழைய வரிசை அத்துடன் மாறியது.