கரடி வளர்த்த பிள்ளையும் கணிதப் பேராசிரியரும்

தெரிந்தே எவனும் தீமை செய்யான்; தவறெல்லாம் அறியாமையின் விளைவே என்பது சோக்கிரதீசின் கட்சி. திருகோணமலைத் துறைமுக நகர் ஈன்ற எழுத்திலும், அங்கு நடந்த கல்விப் பணியிலும் இக்கட்சி பட்ட பாட்டை 1891 முதல் தொடரலாம்.

அவ்வாண்டு வெளிவந்தது திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'. ஈழத்தின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. ஓர்சன், வலன்டைன் என்ற ஐரோப்பியப் பெயர்கள் தமிழ் வாயில் ஊசோனும் பாலந்தையும் ஆகிவிட்டன. அந்த உருமாற்றமே தனி ஆய்வுக்குரியது. மூலக் கதையில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அரச மாளிகையில் வளர்கிறான். மற்றவனுக்குக் காட்டில் கரடி பாலூட்டுகிறது. கரடிப் பிள்ளைக்கு யாரும் நியாயம் எடுத்துச் சொல்லவில்லை. பேச்சே அறியாதவனிடம் எதைச் சொல்வது? உடன்பிறந்தான் என்று அறியாமலே அண்ணன் தம்பி பொருதுகிறார்கள். தோற்றவன் வென்றவனோடு கூடவே இருந்து மனிதனாகிறான்.

மறு ஆண்டே வாதம் வந்தது. திருகோணமலையில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892 இல் 'தத்தை விடு தூது' பாடினார். தூது என்றால் காதலனிடம் கிளியையோ மேகத்தையோ அனுப்பிக் குறையிரப்பது மரபு. இவர் அந்தக் கிளியின் வாயில் சமூக வழக்கையே வைத்தார்: பெண்ணின் மனம் அறியாமல் பெற்றோர் மணம் முடிப்பது முறையா? மூன்று ஆண்டு கழித்து வந்த அவரது நாவல் 'மோகனாங்கி'யே பலரும் பேசுவது. என் கணிப்பில் துணிச்சல் இந்தச் சிறு தூது நூலில்தான் அதிகம். ஆனால் இதைப் படித்துத் தலையாட்டியவர்களில் எத்தனை பேர் தம் மகளைக் கேட்டு மாப்பிள்ளை பார்த்தார்கள் என்பதற்கு நூல் சாட்சியாகாது.

படிப்புக்கும் நடப்புக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர் சுவாமி விபுலாநந்தர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர், 1924 இல் துறவு பூண்டார். 1897 இல் தோன்றிய திருகோணமலை இந்துக் கல்லூரி 1925 இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்கு வர, அதன் அதிபராகவும் பணிபுரிந்தார். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கான மாணவர் இல்லமும் அவரது பணியில் அடங்கியது. ஆய்வுகூடத்தை நன்கறிந்த ஒருவர் ஒழுக்கத்துக்குப் பாடநூல் போதும் என்று எண்ணாமல், ஒன்றாக உண்டு உறங்கும் இடத்தைத் தேடியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இன்னாசித்தம்பியின் காடு இங்கே விடுதியாகிறது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வாங்கு. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாருக்கும் சம ஆசனம் என்று அரசு பணித்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. 1930 அளவில் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எதிர்த்தவர்களை எழுத்தறியாதார் என்று தள்ளிவிட முடியாது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

அதே யாழ்ப்பாணத்தில் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய முயன்றபோது வாசலில் நின்று மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் பயின்றவர், கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதை எதிர்த்து அவர் நடத்திய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று.