காலும் காசும்

குன்றாண்டார்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூரிலிருந்து உள்ளே போக வேண்டும். குன்றைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் உண்டாக்கிய சிவன் கோயில். முன்னால் பிற்காலத்தில் கட்டிய ஒரு மண்டபம். தேர் வடிவம். கல் சக்கரம், பாய்கிற கல் குதிரைகள். பார்த்தால் இப்போதே கிளம்பிவிடும் போலிருக்கும். கிளம்பாது. நாம்தான் நடக்க வேண்டும்.

அங்கே பல்லவர் காலக் கல்வெட்டும் உண்டு. திருவாதிரை நாளில் நூறு பேருக்குச் சோறு போட ஒருவர் அரிசி கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய சங்கதி. சாப்பிட்டவர்கள் யாரோ. அரிசி இன்னொருவருடையது. சரி, புண்ணியம் யார் கணக்கில்?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுகிற வியாதி இன்னும் விடவில்லை. வெளிநாட்டுக்காரர்களின் ஒரு பழக்கத்தைப் பற்றிப் படித்தபோது இதே கேள்வி மறுபடி வந்தது. ஸ்பான்சர்டு வாக். ஒருவர், நான் இவ்வளவு மைல் நடக்கப் போகிறேன் என்று அறிவிப்பார். தெரிந்தவர்களிடம் ஒரு தாளை நீட்டுவார். மைலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நடந்து முடித்ததும் வசூல். அந்தப் பணம் நடந்தவருக்கு இல்லை, ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு.

2020-ல், கொரோனா ஊரடங்கு நேரம். இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், நூறாவது பிறந்தநாளுக்குள் தன் தோட்டத்தை நூறு சுற்று சுற்றுகிறேன் என்றார். கையில் வாக்கர். எதிர்பார்த்தது ஆயிரம் பவுண்டு. சேர்ந்தது மூன்று கோடி பவுண்டுக்கு மேல்!

கத்தோலிக்கப் பாதிரியார்களும் இப்படி நடப்பதுண்டு, தங்கள் பங்கின் பிள்ளைகளை உலக இளைஞர் தினத்துக்கு அனுப்புவதற்காக. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1980-களில் தொடங்கிவைத்த கூட்டம் அது. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடுவார்கள். விமான டிக்கெட்டுக்கு எங்கே போவது? சாமியார் நடக்கிறார்.

நடப்பவர் ஒருவர். காசு இன்னொருவருடையது. யாத்திரை மூன்றாமவருக்கு. இந்த லெட்ஜர் டேலி ஆகுமா?

என் அப்பத்தா ஆக்கிக் காட்டியிருக்கிறார். கீரனூர் ரோட்டோரம் அவர் வீடு. சித்திரையில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள், மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக அந்த வழியாகத்தான் வருவார்கள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. வாசலைத் தாண்ட முடியாது. பானை நிறைய நீர்மோரோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மோர் குடித்துவிட்டுக் கிளம்பும் ஏதாவது ஒரு பெண்ணை நிறுத்தி, முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்துக் கொடுப்பார். “ஆத்தா உண்டியல்ல போட்டுடு தாயி.” முன்பின் தெரியாத பெண். ரசீது கிடையாது.

“அவங்க செலவு பண்ணிட்டா என்ன பண்ணுவே அப்பத்தா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இந்த வெயில்ல செருப்பில்லாம நடக்குறவ ஏமாத்த மாட்டாடா.”

கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். கடனுக்கு நிலம் ஈடு, நகை ஈடு. காணிக்கைக்குக் கால்தான் ஈடு. நடக்கிறவரின் கொப்புளத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மடியை அவிழ்க்கிறார்கள்.

இதே ஈட்டோடு கடல் கடந்து போன ஒரு சாமியார் உண்டு. ஜான் டி பிரிட்டோ. நம் ஜனங்களுக்கு அருளானந்தர். 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை. போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவோடு வளர்ந்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டு இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாகத் தமிழ்நாட்டில் நடந்தார். அதே மிஷனின் புஷே பாதிரியார்தான் ஆவூரில் முதல் கோயிலைக் கட்டியவர். ஆவூரும் குன்றாண்டார்கோவிலும் அன்றைய குளத்தூர் தாலுகாதான். ஆவூரில் இப்போதிருக்கும் ஆலயம் 1747-ல் எழும்பியது.

1686-ல் மறவர் சீமையில் அருளானந்தரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிழைத்தார். அடுத்த வருஷம் மிஷன் அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. வேலை என்ன தெரியுமா? மிஷனின் பிரதிநிதியாகப் போய் ஆளும் பொருளும் திரட்டுவது. கூட வளர்ந்த பெத்ரோ இப்போது ராஜா. இங்கேயே இருந்துவிடு என்றார். ம்ஹூம். அரண்மனை விருந்துக்கு நடுவிலும் நம்மூர்ப் பண்டாரத்தின் சாப்பாட்டையே சாப்பிட்டார் அந்த மனிதர். அடிபட்ட உடம்பும் அந்தச் சாப்பாட்டு இலையும்தான் அவர் காட்டிய கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. 1690-ல் 24 பேரோடு திரும்பினார்.

மதமாற்றம் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம். சேதுபதிக்கும் இருந்தது. மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். விவகாரம் அரண்மனை வரை போயிற்று. 1693 பிப்ரவரி 4. ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-ல் ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

கதை அங்கே முடியவில்லை. 2023 ஆகஸ்டில் உலக இளைஞர் தினம் நடந்த ஊர் எது? லிஸ்பன்! கடைசி நாள் பூசைக்கு மட்டும் சுமார் 15 லட்சம் பேர். அந்தக் கூட்டத்துக்குப் பாதுகாவலர்கள் என்று அறிவித்த புனிதர்களின் பட்டியலில் அருளானந்தரும் ஒருவர். ஏழை நாட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று மற்ற பிள்ளைகளிடம் ஒரு தொகை வாங்கிச் சேர்க்கும் நிதி இந்தக் கூட்டங்களில் உண்டு. யாரோ கொடுத்த காசில் யாரோ வந்து சேர்ந்தார்கள், நம் மண்ணுக்காகக் கையேந்தப் போனவரின் பிறந்த ஊருக்கு.

குன்றாண்டார்கோவிலில் அரிசி கொடுத்தவருக்கும் இந்தக் கணக்கு புரிந்திருக்கும்.

அடுத்த முறை யாராவது ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், நோட்டீஸை அப்புறம் படிக்கலாம். முதலில் அவர் காலைப் பாருங்கள்.