அமெரிக்கா போன இத்தாலியர்களும் இத்தாலிக்கு வராத பதக்கமும்

கூடைப்பந்தாட்டத்தில் இத்தாலிய ஆண்கள் அணி கடைசியாகப் பெற்ற பெரிய பதக்கம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் வெள்ளிப் பதக்கம். அந்த அணியின் 12 பேரில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் விளையாடியவர் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு இத்தாலியர்கள் ஒருவர் பின் ஒருவராக என்.பி.ஏ.க்குப் போனார்கள். ஒருவர் அந்த வருடத்தின் முதலாவது தெரிவாகவே போனார். ஒருவர் சம்பியன் மோதிரம் அணிந்தார். ஒருவர் 11,000க்கும் அதிகமான புள்ளிகளைப் பெற்றார். ஆனால் இத்தாலிய அணிக்கு ஒலிம்பிக்கிலோ உலகக் கிண்ணத்திலோ ஐரோப்பியக் கிண்ணத்திலோ அதன் பிறகு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகள் உச்சிக்குப் போனால் ஊரும் கூடவே உயரும் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். இத்தாலியில் ஏன் அப்படி நடக்கவில்லை? இந்தக் கேள்வியோடு அந்த வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

*முதலில் போனவர்*

என்.பி.ஏ. தன் முதலாவது ஆட்டமாகக் கணக்கில் எடுப்பது 1946 நவம்பர் 1ஆம் திகதி கனடாவின் டொரொண்டோ நகரில் நடந்த ஆட்டத்தை. டொரொண்டோ ஹஸ்கீஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் மோதின. 68–66 என்று நியூயோர்க் வென்றது. அந்த டொரொண்டோ அணியில் ஹாங்க் பியசாட்டி என்ற வீரர் இருந்தார். அவர் பிறந்தது வட இத்தாலியின் பியானோ என்ற சிற்றூரில், வளர்ந்தது கனடாவின் வின்ட்சரில். லீக்கின் முதலாவது வெளிநாட்டு வீரர் என்று அவரைச் சொல்கிறார்கள். மொத்தம் 6 ஆட்டங்களே ஆடினார். பிறகு பேஸ்போலுக்குப் போய்விட்டார்.

ஆக, இத்தாலியில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ.யின் முதல் நாளிலிருந்தே இருக்கிறார். ஆனால் அவரை உருவாக்கியது இத்தாலிய ஆட்டம் அல்ல. இத்தாலியில் பந்து பிடிக்கக் கற்ற ஒருவர் அங்கே போய்ச் சேர இன்னும் 49 வருடங்கள் சென்றன.

*போகாமலே பெரியவர்*

இந்த 49 வருடத் தாமதத்துக்குத் திறமைக் குறைவு காரணமல்ல. அதற்கு டினோ மெனெகின் என்ற ஒரு பெயரே சாட்சி.

1970இல் அட்லாண்டா ஹோக்ஸ் கழகம் 20 வயது மெனெகினைத் தெரிவு செய்தது. என்.பி.ஏ.யில் ஒவ்வொரு வருடமும் கழகங்கள் புதிய வீரர்களை முறை வைத்துத் தெரிவு செய்யும். அதை டிராஃப்ட் என்பார்கள். மெனெகினின் பெயர் 11ஆவது சுற்றில், 182ஆவதாக வந்தது. அவர் போகவில்லை. வரேஸே, மிலான் கழகங்களுக்கு ஆடி 12 முறை இத்தாலிய சம்பியன், 7 முறை ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன் ஆனார். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 1983இல் ஐரோப்பியக் கிண்ணத் தங்கம். 44 வயதில்தான் ஓய்வு பெற்றார். 2003இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் புகழ் மண்டபம் அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக் கொண்டது. என்.பி.ஏ.யில் ஒரு நிமிடமும் ஆடாதவருக்கு அமெரிக்காவே கொடுத்த கௌரவம் அது.

அந்தக் காலத்து வீரர்களுக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தது. சர்வதேசச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, என்.பி.ஏ.யில் ஆடியவர் ஒலிம்பிக்கிலும் உலகக் கிண்ணத்திலும் தன் நாட்டுக்கு ஆட முடியாது. ஐரோப்பியக் கழகங்களும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் என்.பி.ஏ. மட்டும் தொழில்முறை என்று ஒதுக்கப்பட்டது. அங்கே போகிறவர் தேசிய அணியின் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 1989 ஏப்ரலில் மியூனிக்கில் கூடிய ஃபீபா மாநாடு 56க்கு 13 என்ற வாக்குகளால் அந்த விதியை நீக்கியது.

சுவர் விழுந்ததும் யூகோஸ்லாவியர்களும் சோவியத் வீரர்களும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். இத்தாலியர்கள் அவசரப்படவில்லை. காரணம் எளியது. 1980களில் இத்தாலிய லீக் ஐரோப்பாவிலேயே பணமும் பலமும் மிக்கது. என்.பி.ஏ.யின் மிகச்சிறந்த வீரர் விருது பெற்ற பொப் மக்கடூ மிலானுக்கு வந்து, மெனெகினோடு சேர்ந்து 1987, 1988 ஐரோப்பியக் கிண்ணங்களை வென்றார். 1989 டிராஃப்டில் இரண்டாவதாகத் தெரிவான டானி ஃபெரி, தன்னைத் தெரிவு செய்த லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்துக்குப் போகாமல் ரோம் நகரக் கழகத்துக்கு வந்துவிட்டார். அமெரிக்கர்களே தேடி வரும் இடத்தை விட்டு இத்தாலியர் எதற்காகப் போக வேண்டும்?

பின்னாளில் பெரும் புகழ் பெற்ற கோபி பிரையன்ட் சிறுவயதில் இத்தாலியில் வளர்ந்ததற்கும் இதுவே காரணம். அவருடைய தந்தை ஜோ பிரையன்ட் 1984 முதல் 1991 வரை இத்தாலியக் கழகங்களில் சம்பளத்துக்கு ஆடினார். கோபி கடைசிவரை சரளமாக இத்தாலியன் பேசினார்.

*1995: கதவைத் தட்டிய இருவர்*

1995–96 பருவகாலத்தில் இரண்டு இத்தாலியர்கள் சேர்ந்தாற்போல் என்.பி.ஏ.க்குள் நுழைந்தார்கள். ஸ்டெஃபானோ ருஸ்கோனி ஃபீனிக்ஸ் அணிக்காக 7 ஆட்டங்கள் ஆடினார். வின்சென்ஸோ எஸ்பொசிட்டோ அந்த வருடம்தான் புதிதாகத் தொடங்கிய டொரொண்டோ ராப்டர்ஸ் அணிக்காக 30 ஆட்டங்கள் ஆடினார்.

எஸ்பொசிட்டோ தென் இத்தாலியின் கசெர்த்தா நகரத்துப் பையன். தெற்கு என்றால் வறுமை, வேலையின்மை என்றுதான் வட இத்தாலி பேசும். 1991இல் கசெர்த்தா கழகம் இத்தாலிய சம்பியனானது. தெற்கிலிருந்து ஒரு கழகம் சம்பியனானது அதுவே முதல் தடவை. அந்த அணியின் நாயகர்களில் ஒருவர் இவர். டொரொண்டோவில் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்தார். ஒரு நாள் நியூயோர்க் மெடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் 18 புள்ளிகள் பெற்றார். அந்த வருடத்தோடு இருவரும் நாடு திரும்பினார்கள். அடுத்த பத்து வருடங்களுக்கு என்.பி.ஏ.யில் இத்தாலியர் எவரும் இல்லை.

ஆனால் அந்தப் பத்து வருடங்கள் இத்தாலிய அணியின் பொற்காலம். 1999இல் ஐரோப்பிய சம்பியன். 2003இல் வெண்கலம். 2004 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஜேர்மனியின் கொலோன் நகரில் நடந்த நட்புரீதியான ஆட்டத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. நட்சத்திர அணியை 95–78 என்று வீழ்த்தினார்கள். அதே மாதம் ஏதென்ஸ் அரையிறுதியில் லித்துவேனியாவை 100–91 என்று வென்று, இறுதியில் ஆர்ஜென்டினாவிடம் தோற்றார்கள். அந்த ஆர்ஜென்டினாவின் நாயகன் மனு ஜினோபிலிகூட ரெஜ்ஜோ கலாப்ரியாவிலும் பொலோன்யாவிலும் ஆடி வளர்ந்தவர்தான்.

*மூவரின் காலம்*

2006இல் டொரொண்டோ ராப்டர்ஸ் ரோம் நகரத்து அந்திரேயா பர்ன்யானியை முதலாவது தெரிவாக எடுத்தது. ஓர் ஐரோப்பியர் முதலாவதாகத் தெரிவானது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் முறை. 2007இல் மார்கோ பெலினெல்லி 18ஆவதாகத் தெரிவானார். 2008இல் டனிலோ கல்லினாரியை நியூயோர்க் 6ஆவதாக எடுத்தது. அவருடைய பெயரை அறிவித்தபோது அரங்கிலிருந்த நியூயோர்க் ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள்.

வாசலில் கொடுத்த இலக்கங்களும் முடிவில் வந்த கணக்கும் பொருந்தவே இல்லை. முதலாம் இலக்கக்காரர் பர்ன்யானி, 2010–11இல் ஆட்டமொன்றுக்கு 21 புள்ளிகளுக்கு மேல் சராசரி வைத்திருந்தும், ‘முதலாவது தெரிவுக்குப் போதாது’ என்ற பேச்சை உதறவே முடியாமல் பத்து வருடங்களில் லீக்கை விட்டுப் போனார். கூச்சலோடு வரவேற்கப்பட்ட கல்லினாரிதான் 11,000 புள்ளிகளைத் தாண்டினார். 18ஆம் இலக்கக்காரர் பெலினெல்லி 13 பருவகாலங்கள் நின்று பிடித்தார். 2014 பெப்ரவரியில் நட்சத்திர வாரத்தின் மூன்று புள்ளிப் போட்டியை வென்றார். அதே வருடம் சன் அன்டோனியோ அணியோடு சம்பியனானார். மோதிரம் அணிந்த முதல் இத்தாலிய வீரர் அவரே. வகுப்பில் பிள்ளைகளை முதலாம் இடம், பதினெட்டாம் இடம் என்று வரிசைப்படுத்துகிற நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இனித் தேசிய அணியின் கணக்கு. 2011 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு மூவரும் சேர்ந்தே வந்தார்கள். ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, முதல் சுற்றோடு வீடு. 2015இல் காலிறுதியில் மேலதிக நேரத்தில் தோல்வி. 2016 ஜூலையில் ரியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று இத்தாலியின் டூரின் நகரிலேயே நடந்தது. மூவரும் இருந்தார்கள், சொந்த ரசிகர்கள் இருந்தார்கள். குரோஷியாவிடம் மேலதிக நேரத்தில் 84–78 என்று தோற்றார்கள். 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்குகள் இத்தாலி இல்லாமலே நடந்தன.

*யாருடைய குற்றம்?*

போனவர்கள் நாட்டை மறந்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. 2022இல் கல்லினாரி பொஸ்டன் அணியோடு ஒப்பந்தம் செய்தார். சம்பியனாக வாய்ப்பிருந்த அணி, அவருக்கு வயது 34. அந்த ஓகஸ்ட்டில் ஓய்வெடுத்திருக்கலாம். இத்தாலிக்காக உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம் ஆடப் போனார். பிரெஷா நகரில் ஜோர்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. பொஸ்டனுக்காக ஓர் ஆட்டமும் ஆட முடியவில்லை. அடுத்த வருடம் பொஸ்டன் அவரை வொஷிங்டனுக்கு மாற்றிவிட்டது. 2024இல் பொஸ்டன் சம்பியனானது. நாட்டுக்காக அவர் கொடுத்த விலை அது.

பழுது வேறிடத்தில் இருந்தது. வீரர்கள் மேலே போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில், அவர்களை உருவாக்கிய கழகங்கள் கீழே சரிந்துகொண்டிருந்தன. பொலோன்யாவின் விர்ட்டுஸ் 2003இல் பணநெருக்கடியால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பெலினெல்லி வளர்ந்த இன்னொரு பொலோன்யா கழகமான ஃபோர்ட்டிட்டுடோ 2009இல் தரமிறங்கிக் கீழ்ப் பிரிவுகளில் தள்ளாடியது. பர்ன்யானியை அனுப்பிய டிரெவிசோவிலிருந்து பெனட்டன் நிறுவனம் 2012இல் விலகியது. பல தடவை சம்பியனான சியெனா கழகம் 2014இல் வங்குரோத்தானது. ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோதும், அங்கே படித்துப் போனவர்களின் பெயர்கள் மட்டும் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. அதனால் சரிவு பலரின் கண்ணில் படவில்லை.

2021 ஜூலை 4ஆம் திகதி பெல்கிரேடில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதி இறுதி ஆட்டம், செர்பியாவுக்கு எதிராக, செர்பியாவின் மண்ணில். நாம் மேலே சொன்ன மூவரில் ஒருவரும் இல்லை. 20 வயது நிக்கோ மானியன் 24 புள்ளிகள் பெற்றார். என்.பி.ஏ. பக்கமே அதுவரை போகாத சிமோனே ஃபொன்டெக்கியோ 21 புள்ளிகள் பெற்றார். 102–95 என்று வென்று, 17 வருடங்களுக்குப் பிறகு இத்தாலி ஒலிம்பிக்குக்குப் போனது. அதன் பிறகு, 2022இல்தான் ஃபொன்டெக்கியோவை அமெரிக்கா அழைத்தது.

அதே 2022இல் என்.பி.ஏ.யின் முதலாவது தெரிவு பவுலோ பங்கேரோ. தந்தை வழியில் இத்தாலிய இரத்தம், கையில் இத்தாலியக் குடியுரிமை. தங்களுக்கு ஆடுவார் என்று இத்தாலியர்கள் காத்திருந்தார்கள். சியாட்டிலில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை 2023 உலகக் கிண்ணத்துக்கு அமெரிக்காவைத் தெரிவு செய்தார். அவரில் குறை காண ஏதுமில்லை. அவரை வளர்த்தது அமெரிக்க ஆட்டம். 1946இல் இத்தாலியில் பிறந்து கனடாவில் வளர்ந்த பியசாட்டியின் கதையும் இதுதான். கடவுச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், பிள்ளை எந்த மைதானத்தில் வளர்ந்ததோ அந்த மைதானத்தின் பிள்ளை.

பல்கலைக்கழகம் போனவர்கள், வெளிநாடு போனவர்கள் என்று பெயர் போட்டுப் பதாகை கட்டாத பாடசாலை குறைவு. கட்டட்டும், அந்தப் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் பதாகையில் எத்தனை பெயர் என்று எண்ணும் நேரத்தில், அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு நல்ல ஆசிரியரும் ஆய்வுகூடமும் மைதானமும் இருக்கின்றனவா என்று யார் எண்ணுகிறோம்?

உங்கள் ஊர்ப் பாடசாலையில் இந்த இரண்டாவது கணக்கு எப்படி இருக்கிறது? எழுதுங்கள், பேசுவோம்.