துல்லியம் மலிவானபோது: ஓசூர்க் கடிகாரத்தின் வரலாறு
இந்தியக் கைக்கடிகாரத்தின் வரலாற்றை உற்பத்தியின் வரலாறாக மட்டும் வாசிப்பது போதாது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்.எம்.டி., பெரிதும் சாவி கொடுக்கும் கடிகாரங்களையே விற்றது. தட்டுப்பாடு நிலவிய அக்காலச் சந்தையில் வாங்குவோரே காத்திருந்தனர்.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் இணைந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைத் தயாரித்தது. செர்க்சிஸ் தேசாயின் தலைமையில் அந்நிறுவனம் தனிக் காட்சியகங்களைத் திறந்தது. மோட்சார்ட்டின் 25ஆம் சிம்பொனியை விளம்பர இசையாக்கியது. கடிகாரத்தை அணிகலனாகவும் அன்பளிப்பாகவும் முன்வைத்தது. குவார்ட்ஸால் துல்லியம் மலிவானபின், அழகே விலையைத் தீர்மானித்தது.

எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. ஆயினும் இதனைத் தனியாரின் வெற்றி, அரசின் தோல்வி எனச் சுருக்க இயலாது: வென்ற நிறுவனத்தின் பிறப்பிலும் ஒரு மாநில அரசின் மூலதனம் இருந்தது.