விளையாட்டு எப்போது வினையாகிறது? கணினி விளையாட்டு குறித்த அச்சத்தின் வரலாறு

கணினி விளையாட்டு குழந்தைகளுக்கு நன்மை தருவதா, தீமை தருவதா என்பது பள்ளிப் பட்டிமன்றங்களில் நெடுநாளாக வழங்கிவரும் தலைப்பு. இரு அணியும் பேசும், நடுவர் அளவோடு ஆடினால் நன்மை என்று தீர்ப்புச் சொல்வார், கூட்டம் கலையும். வரலாற்று மாணவர் அத்தீர்ப்போடு நின்றுவிட இயலாது. எந்தக் காலத்தில், யார், விளையாட்டின் எந்தக் கூற்றைக் கண்டு அஞ்சினார்கள்? அந்த அச்சம் எந்தச் சட்டமாகவும் எந்தத் தண்டனையாகவும் மாறிற்று? இவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றால், நன்மையா தீமையா என்ற ஒற்றைக் கேள்விக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருப்பது தெரியவரும். அவை இடம், உள்ளடக்கம், நேரம், பணம் என்பன. இப்பதிவு அந்த நான்கையும் பிரித்துக் காட்டும் முயற்சி.

விளையாட்டைப் பற்றிய அச்சம் இந்நாட்டில் புதிதன்று. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34ஆம் சூக்தம் சூதாடியின் புலம்பலாக அமைந்திருக்கிறது. மகாபாரதத்தின் பேரழிவு ஒரு சூதாட்ட அரங்கில் தொடங்குகிறது. திருக்குறள் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. அதேசமயம், அதே தாயக்கட்டையைக் கொண்டு ஆடும் பரமபதம் பக்திக்குரிய ஆட்டமாகப் போற்றப்பட்டது. வட இந்தியாவில் ஞான சௌபர் என்ற பெயரில் வழங்கிய இவ்வகை ஆட்டத்தில், ஏணிகள் நற்பண்புகளையும் பாம்புகள் தீயொழுக்கங்களையும் குறித்தன. தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடுவது வழக்கமாக இருந்தது. இரவெல்லாம் உறங்காமல் விளையாடுவது ஒரு சூழலில் புண்ணியமாகவும் மற்றொரு சூழலில் நோயாகவும் கருதப்பட்டிருக்கிறது. கருவி ஒன்றே. பணயம் உண்டா, இல்லையா என்பதே நம் முன்னோர் கண்ட வேறுபாடு.

காலனியச் சட்டம் இவ்வேறுபாட்டை வேறொரு மொழியில் எழுதியது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் சூதாட்ட விடுதியைக் குற்றத்துக்குரிய இடமாக்கியது. வெறும் திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு அது விலக்களித்தது. விடுதலைக்குப் பின்னர் 1957இல் சமர்பாக்வாலா வழக்கிலும், 1967இல் ரம்மி ஆட்டம் குறித்த சத்யநாராயணா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையிலான இக்கோட்டையே வலுப்படுத்தியது. ஆகவே மின்னணு விளையாட்டுப் பொறிகள் நம் நகரங்களுக்கு வந்தபோது, அவற்றை அளக்கச் சட்டத்தின் கையில் இருந்த அளவுகோல் சூதாட்டத்தின் அளவுகோலே.

இதற்குச் சிறந்த சான்று எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கு. வீடியோ கேம் பார்லர்களைக் காவல்துறை உரிமம் வழங்கி முறைப்படுத்தலாமா என்பதே அதில் எழுந்த வினா. 1995இல் உச்ச நீதிமன்றம் முறைப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. காசு போட்டு இயக்கும் பொறியில் ஆடுபவரின் திறமைக்கு இடமுண்டா, பொறியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றியமைக்க இயலுமா, பொது ஒழுங்குக்கு என்ன பாதிப்பு ஆகியவையே அத்தீர்ப்பின் மையத்தில் இருந்தன. இன்று நாம் ஓயாமல் பேசும் குழந்தையின் மனநலம் அன்றைய விவாதத்தின் மையப்பொருளாக இல்லை. அச்சம் இருள் சூழ்ந்த ஓர் அறையைப் பற்றியதாக இருந்தது. இதை இடம் குறித்த அச்சம் எனலாம்.

அமெரிக்காவிலும் கதை இவ்வாறே தொடங்கியது. 1942இல் நியூயார்க் மேயர் லாகார்டியா பின்பால் பொறிகளைத் தடைசெய்தார். அவை சூதாட்டக் கருவிகள், சிறுவர்களின் காசைப் பறிப்பவை என்பது குற்றச்சாட்டு. அத்தடை விலக 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1976இல் வெளிவந்த டெத் ரேஸ் என்ற விளையாட்டு, மனித உருப்போன்ற வடிவங்களைக் காரால் மோதிப் புள்ளிகள் சேர்ப்பதாக அமைந்திருந்ததால் பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. அறையிலிருந்து திரைக்குக் கவலை நகர்ந்த தருணம் அது. 1993இல் மார்ட்டல் காம்பேட் போன்ற விளையாட்டுகள் பற்றி அமெரிக்கச் செனட் விசாரணை நடத்தியது. மறு ஆண்டே அத்தொழில்துறை வயதுவாரியான தரச்சான்று முறையைத் தானே உருவாக்கிக்கொண்டது. வன்முறை விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது.

இவ்விடத்தில் ஒரு முன்னோடி நிகழ்வை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் சித்திரக்கதைகளே சிறார் குற்றங்களுக்குக் காரணம் என்று நூல் எழுதினார். செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதித்துக்கொண்டனர், சில நிறுவனங்கள் அழிந்தன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2012இல், நூலகவியல் அறிஞர் கேரல் டில்லி வெர்தாமின் மூல ஆவணங்களை ஆராய்ந்து, அவர் தம் நோயாளிச் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் திரித்தும் கூட்டியும் குறைத்தும் பயன்படுத்தியதை வெளிப்படுத்தினார். குழந்தைகளைக் காக்கும் ஆர்வத்தில் குழந்தைகளின் சொற்களே மாற்றி எழுதப்பட்டன. ஆவணக் காப்பகத்துக்குள் செல்வது ஏன் தேவை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்தியாவில் உள்ளடக்கம் குறித்த அச்சம் முதலில் பற்றியது தொலைக்காட்சியைத்தான். 1990களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் சக்திமான் தொடர் ஒளிபரப்பானபோது, நாயகன் வந்து காப்பான் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தைத் தேடிக்கொள்வதாகச் செய்திகள் பரவின. அதே ஆண்டுகளில் டி.வி. கேம் என்று நாம் அழைத்த மலிவான நகல் கருவிகள் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் வந்திருந்தும், அவற்றின்மேல் அத்தகைய பதற்றம் எழவில்லை. அவை கூடத்தில், பெற்றோரின் கண்முன், குடும்பத் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டு இயங்கியவை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். கைப்பேசி இந்நிலையைத் தலைகீழாக்கியது. 2016க்குப் பின் இணையத் தரவின் விலை சரிந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. விளையாட்டுக்கு இனி அறையும் வேண்டியதில்லை, கூடமும் வேண்டியதில்லை. குழந்தை என்ன ஆடுகிறது என்பது பெற்றோருக்குத் தெரியாத நிலையில், அவர்களால் எளிதில் அளக்கக்கூடியதாக நேரம் ஒன்றே எஞ்சியது. நேரம் குறித்த அச்சம் இப்படித்தான் உருவெடுத்தது என்பது என் கருத்து.

இந்த மாற்றத்தின் வாயிலில் நிகழ்ந்தது 2017ஆம் ஆண்டின் நீலத் திமிங்கலப் பீதி. ரஷ்யாவிலிருந்து கிளம்பிய செய்தி ஒன்று, சிறுவர்களைத் தற்கொலைக்குத் தூண்டும் விளையாட்டு உலவுவதாகக் கூறியது. பல மாநிலங்களில் நிகழ்ந்த இளையோர் மரணங்களோடு ஊடகங்கள் இப்பெயரை இணைத்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய அரசு இணைய நிறுவனங்களுக்கு அதன் இணைப்புகளை நீக்குமாறு எழுதியது. நீதிமன்றங்களும் தலையிட்டன. பின்னர் ஆராயப்பட்ட மரணங்கள் எதிலும் இவ்விளையாட்டின் பங்கு உறுதிப்படவில்லை என்று 2018 ஜனவரியில் அரசு மக்களவையில் தெரிவித்தது. அந்த விடை, முதற்செய்தி சென்ற இடங்களுக்கெல்லாம் சென்று சேரவில்லை. இதில் இழப்பு என்ன என்று கேட்கலாம். ஓர் இளைஞரின் மரணத்துக்கு மாயப் பெயர் ஒன்றைக் காரணமாக்கியபோது, அவ்வீட்டில், அப்பள்ளியில், அம்மனத்தில் நிகழ்ந்தவற்றைக் கேட்கும் கடமையிலிருந்து நாம் விலகிக்கொண்டோம். தவறான அச்சம் உண்மையான துயரத்தை மறைத்துவிடுகிறது.

அடுத்தது பப்ஜி. 2019 ஜனவரியில் தேர்வு பற்றிய உரையாடல் நிகழ்ச்சியில், மகனின் இணைய விளையாட்டு மோகம் பற்றி ஒரு தாய் கவலை தெரிவித்தபோது, பப்ஜிக்காரரா என்று பிரதமர் கேட்டதும் அரங்கம் சிரித்தது. பெயர் சொன்னாலே புரியும் அளவுக்கு அவ்விளையாட்டு பரவியிருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல் ஆணையர் அதனைத் தடைசெய்தார். ஆணையை மீறிக் கைப்பேசியில் ஆடியதாகக் கல்லூரி மாணவர்கள் உட்படப் பத்துப் பேர் கைது செய்யப்பட்டனர். இளையோரைக் காப்பதாகச் சொன்ன ஆணை இளையோரையே காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றது. நாடு தழுவிய தடை 2020 செப்டம்பரில் வந்தது. ஆனால் 118 செயலிகளோடு சேர்த்து அது தடைசெய்யப்பட்டதற்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் பயனர் தரவுகளுமே ஆகும். குழந்தைகள் அக்காரணங்களில் இடம்பெறவில்லை. 2021 ஜூலையில் அதே விளையாட்டு வேறு பெயரில், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு நேர வரம்போடு, திரும்பி வந்தது. பெருந்தொற்றின் பொருட்டு அதே காலத்தில்தான் பாடம் படிக்க ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கைப்பேசியைத் திணித்துக்கொண்டிருந்தோம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2003இல் கிரீன், பவேலியே இருவரும் வெளியிட்ட ஆய்வு, விரைவுச் செயல் விளையாட்டுகள் காட்சிக் கவனத்தை மேம்படுத்துவதாகக் காட்டியது. அதில் பங்கேற்றோர் இளவயதினரே அன்றிக் குழந்தைகள் அல்லர் என்பதை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். 2019இல் ஷிபில்ஸ்கி, வைன்ஸ்டைன் இருவரும் பிரிட்டனைச் சேர்ந்த 14, 15 வயதுடைய 1,004 பேரை ஆராய்ந்து, வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றனர். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்துதல், தள்ளுதல் போன்ற நடத்தைகளோடு சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு விளையாட்டைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என்று விளக்கியது. மறுபுறம், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கான அளவுகோல் மணிக்கணக்கன்று. கட்டுப்பாட்டை இழத்தல், பிறவற்றைவிட விளையாட்டுக்கு முதன்மை தருதல், கேடு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதலே தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனத் தனிப் பிரிவை நடத்திவருகிறது. இத்துயரம் மெய்யானது. அத்துயரத்துக்கு உள்ளானவர்களையும் மாலையில் ஒரு மணிநேரம் ஆடும் சிறுவனையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் பிழை.

நேரத்தைச் சட்டத்தால் அடக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 16 வயதுக்குக் குறைந்தோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தென் கொரியா 2011இல் தடுத்தது. பத்தாண்டுகள் கழித்து அச்சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கணினிக்கென எழுதிய விதி கைப்பேசிக் காலத்தில் பொருளிழந்தது. சீனம் 2021இல் அதற்கு எதிர்த்திசையில் சென்று, சிறாருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஒவ்வொரு மணிநேரம் என வரையறுத்தது.

நான்காவது கேள்வி பணம். காசு கொடுத்து ஒருமுறை வாங்கும் பொருளாக இருந்த விளையாட்டு, இலவசமாகக் கிடைத்து உள்ளே நுழைந்தபின் சிறிது சிறிதாகச் செலவழிக்கத் தூண்டும் சேவையாக மாறிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கோட்டை ஒதுக்கிவிட்டு, பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணயமற்ற சமூக விளையாட்டுகளையும் ஊக்குவிக்க வேண்டியவை என வகுத்தது. 1867இன் சட்டமொழியைக் கடந்து தாயத்தையும் பரமபதத்தையும் பிரித்த பழைய வேறுபாட்டுக்கே நாம் ஒருவகையில் திரும்பியிருக்கிறோம். எனினும் சமூக விளையாட்டுக்குள் விற்கும் பரிசுப் பெட்டி விற்பனையா, பணயமா என்ற கேள்வி விவாதத்துக்குரியதாகவே நிற்கிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை மிகக் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் அதுவே. குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இதனோடு இணைத்துப் படிக்க வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து அவசரமாக ஒரு முடிவுக்கு வருவோர் உண்டு. முந்தைய அச்சங்கள் பொய்த்துவிட்டன, ஆதலால் இன்றைய அச்சமும் பொய்யே என்பது அம்முடிவு. அது தருக்கப் பிழை. பின்பால் பொறி குழந்தைக்குத் தீங்கு செய்யவில்லை என்பதால், ஒவ்வோர் அசைவையும் அளந்து அடுத்த செலவைத் தூண்டும் வடிவமைப்பும் தீங்கற்றது என்றாகாது. வரலாறு நமக்குக் கற்றுத்தருவது வேறு. அச்சத்தைப் பெயரிட்டுச் சொல்லுங்கள், எதைக் கண்டு, எச்சான்றின்மேல் என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பதே அது. உள்ளடக்கத்தைக் கண்டு அஞ்சிக் கைது செய்தோம். நேரத்தைக் கண்டு அஞ்சிக் கைப்பேசியைப் பிடுங்கினோம். பணத்தின் பக்கம் பார்வை திரும்ப நெடுங்காலம் ஆயிற்று.

இத்துறையில் செய்ய வேண்டிய பணி நிறைய இருக்கிறது. பார்லர்களுக்குக் காவல்துறை வழங்கிய உரிமக் கோப்புகள், வார இதழ்களின் மருத்துவக் கேள்வி பதில் பகுதிகள், நகல் கருவிகளை விற்ற சிறுகடைக்காரர்களின் நினைவுகள் ஆகியவை வரலாற்றுச் சான்றுகளே. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று ஆடிய குழந்தைகள் இன்று முப்பதையும் நாற்பதையும் கடந்தவர்களாக நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களில் பலர் தாமே பெற்றோர். அவர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்க முன்வரும் முதுகலை, ஆய்வு மாணவர்கள் தத்தம் ஊரில் இயங்கிய ஒரு பார்லரிலிருந்தே தொடங்கலாம். கருத்துகளையும் மறுப்புகளையும் கீழே பதியுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.