நிலையான ஓரிடத்தான் பகுப்பாய்வு

நிலையான ஓரிடத்தான் பகுப்பாய்வு என்பது பழங்கால மனிதரின் உணவையும் வாழ்சூழலையும் அறிவதற்காக, எலும்பு, பல், மண்படிவு முதலியவற்றிலுள்ள தனிமங்களின் ஓரிடத்தான் விகிதங்களை அளக்கும் முறையாகும். ஓரிடத்தான்கள் இலங்கை வழக்கில் சமதானிகள் எனப்படுகின்றன. தொல்லியலில் இம்முறை 1970களின் பிற்பகுதியிலிருந்து பயன்பட்டு வருகிறது.

அடிப்படை

இயற்கையிலுள்ள கரிமத்தில் ஏறத்தாழ 98.9 விழுக்காடு கரிமம்-12, 1.1 விழுக்காடு கரிமம்-13 ஆகும். கரிமம்-14 போலன்றி இவ்விரண்டும் சிதைவதில்லை. எனவே இவை காலத்தைக் காட்டுவதில்லை, உணவைக் காட்டுகின்றன.

ஒளிச்சேர்க்கை முறையைப் பொறுத்துத் தாவரங்கள் இரு பெரும் பிரிவாகின்றன.

- சி3 தாவரங்கள்: நெல், கோதுமை, பெரும்பாலான கிழங்குகள், மரங்கள்
- சி4 தாவரங்கள்: கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு, வெப்பநிலப் புற்கள் பல

சி4 தாவரங்களில் கரிமம்-13 ஒப்பளவில் மிகுதி. அடர்காட்டு நிழலில் வளரும் தாவரங்களில் மிகக் குறைவு. உண்பவரின் உடலிலும் இவ்வேறுபாடு பதிகிறது. நைதரசன்-15 உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் உயர்வதால், இறைச்சி, மீன் ஆகியவற்றின் பங்கை உணர்த்தும். ஆக்சிசன்-18 குடிநீரையும் தட்பவெப்பத்தையும் பற்றிய செய்தி தரும்.

மாதிரிகள்

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் எலும்பிலுள்ள கொலாசன் புரதம் விரைவில் அழிகிறது. ஆதலால் அங்கு பற்சிப்பி எனப்படும் பல்லின் கடினமான மேலுறை பெரிதும் ஆராயப்படுகிறது. இது சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. எனவே இளமைக்கால உணவையே காட்டுகிறது.

இலங்கை

மழைக்காட்டில் உணவு அரிது என்பதால், வேளாண்மையின் துணையின்றி மனிதர் அங்கு நிலைத்து வாழ்ந்திருக்க இயலாது என மானிடவியலாளர் சிலர் 1980களில் கருதினர். பட்டதொம்பலென, பாகியன் குகை முதலிய இலங்கைத் தொல்லிடங்களில் கிடைத்த 26 மனிதரின் பற்கள் இதற்கு விடையளித்தன. பாட்ரிக் ராபர்ட்சு குழுவினர் 2015 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட இவ்வாய்வின்படி, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர் மழைக்காட்டு உணவைச் சார்ந்து வாழ்ந்தனர். இருவரின் பற்கள் மட்டுமே திறந்த புல்வெளி உணவைக் காட்டின. அவை ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழமையானவை. இரும்புக்காலத் தொடக்கத்தைச் சேர்ந்தவை.

நீலகிரி

தமிழ்நாட்டில் இம்முறை பழங்காலச் சூழலை அறியப் பயன்பட்டுள்ளது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த முற்றா நிலக்கரியின் கரிமம்-13 அளவை இரா. சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் ஆராய்ந்து 1993 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். கடைசிப் பனியூழியின் உச்சத்தில் வறட்சி நிலவிச் சி4 புற்கள் பெருகியிருந்ததை இது காட்டியது.

வரம்புகள்

இம்முறை உணவின் வகையைக் காட்டுமேயன்றிப் பெயரைக் காட்டாது. கம்பு உண்டவரையும், கம்பந்தட்டை தின்ற மாட்டின் பாலைப் பருகியவரையும் கரிமத்தைக் கொண்டு மட்டும் எளிதில் பிரித்தறிய இயலாது. எனவே விதை எச்சங்கள், விலங்கெலும்புகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே முடிவு காண்பர்.